குண்டூசியின் காது

ஜூன் 3

குண்டூசியின் அப்பாவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். பேருந்து நிலையத்துக்கு நீங்கள் வராததால் அழுது ஆர்ப்பாட்டம் செய்யும் வேலை மிச்சம். வாயில் நாலு ஆணியைக் கவ்விக்கொண்டு, யார் வீட்டு நாற்காலியையோ தட்டிக்கொண்டே "சரி, பாத்துப் போ" என்று நீங்கள் சொன்னது மட்டும் வழி நெடுகக் காதில் இருந்தது.

இங்கே தகரக் கூரை போட்ட அறை. மதியத்துக்கு மேல் மேகம் ஜன்னல் வழியாகவே உள்ளே வந்துவிடுகிறது, துணி காய்வதே இல்லை. சுரங்கப்பாதையை மலையின் இரண்டு பக்கத்திலிருந்தும் குடைந்துகொண்டு வருகிறார்கள். இரண்டும் நடுவில் நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். அதற்கு அளந்து கொடுப்பதுதான் என் வேலை. பிசகினால் என் தலை உருளும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அலுவலகப் போனில் வீட்டுக்குப் பேச விடுகிறார்கள். நேற்று பக்கத்து மருந்துக்கடைக்கு அடித்தபோது நீங்கள் குண்டூசியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது மூச்சிரைப்பிலேயே தெரிந்தது. ஆனால் அவள் ஒரு வார்த்தை பேசவில்லையே? புறப்பட்ட அன்றுகூட "அது ஏன், இது ஏன்" என்று கேட்டு என் பிராணனை வாங்கியவள். போனைப் பார்த்து மிரண்டிருப்பாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கிளம்பும்போது மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. நின்றதா? இரண்டு வரி எழுதுங்கள். என்மேல் உள்ள கோபத்துக்கு ஒரு தாள், அவள் சளிக்கு ஒரு தாள் என்று தனித்தனியாக எழுதினாலும் சரி.

குண்டூசியின் அம்மா

---

ஜூன் 10

சர்வேயர் அம்மாவுக்கு,

ஆணி வாயில் இருக்கும்போது ஒரு மனிதன் எவ்வளவு பேச முடியுமோ அவ்வளவு பேசினேன். அதற்கு மேல் பேசியிருந்தால் ஆணியை விழுங்கியிருப்பேன், இல்லை எதையாவது சொல்லித் தொலைத்திருப்பேன். இரண்டரை வயசுப் பிள்ளையை விட்டுவிட்டு மலையைக் குடையப் போக வேண்டுமா என்று முன்பே கேட்டாயிற்று. நீயும் பதில் சொல்லியாயிற்று. விடு.

சளி நிற்கவில்லை. காதுக்குப் போய்விட்டது. உன்னிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன், ஆனால் மருந்துக்கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை போனில் உளறிக் கொட்டிவிடுவார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இடது காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆரம்பித்தாள். உடம்பு நெருப்பு. படுக்க வைத்தால் வீல் என்று கத்துகிறாள், தூக்கினால் கொஞ்சம் அடங்குகிறாள். தோளில் போட்டுக்கொண்டு கடைக்கும் வீட்டுக்குமாக நடந்தே தேய்ந்தேன். சோபாவுக்குத் துணி கொடுக்க வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், "எண்ணெயைக் காய்ச்சி இளஞ்சூட்டுல விடுங்க" என்றார். மருந்துக்கடைக்காரர், "இந்தச் சொட்டு மருந்தை விடுங்க, வலி பறந்துடும்" என்றார். இரண்டு பேருமே பெரியவர்கள், யார் மனசையும் நோகடிப்பானேன் என்று இரண்டையும் விட்டேன்.

விடியும்போது பார்த்தால் தலையணை உறையில் மஞ்சளாக ஈரம். காதிலிருந்து சீழ் வந்திருக்கிறது. ஆனால் அதோடு வலி போன இடம் தெரியவில்லை. எழுந்து உட்கார்ந்து பால் கேட்டாள். கெட்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது, இனி கவலை இல்லை.

போனில் அவள் பேசாததற்கு நான் பொறுப்பில்லை. அவளுக்கும் கோபம் இருக்காதா?

குஷன்காரன்

---

ஜூன் 16

குண்டூசியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முகாமின் மருத்துவ அறைக்கு ஓடினேன். அங்கே இருக்கும் நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, "சீழ் வந்துச்சா? அப்ப செவிப்பறை கிழிஞ்சிருக்கு. டாக்டர்கிட்ட காட்டினாங்களா இல்லையா?" உள்ளே சீழ் கட்டி, தாங்க முடியாமல் சவ்வு கிழிந்திருக்கிறது. அதனால்தான் அழுத்தம் குறைந்து வலி போயிருக்கிறது. நீங்கள் அதைக் குணமானதாக நினைத்துக்கொண்டு ஆணி அடிக்கப் போய்விட்டீர்கள்.

எண்ணெய் வேண்டாம். சொட்டு மருந்து வேண்டாம். பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே விட வேண்டாம். குளிப்பாட்டும்போது காதுக்குள் தண்ணீர் போக வேண்டாம். தலைமையாசிரியரின் மனசு நோகட்டும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். தவறாகத் தைத்தால் பிரித்துத் தைக்க அவள் சோபா இல்லை.

இப்படிக் கடுகடுவென்று எழுதுவது எனக்கும் பிடிக்கவில்லை. அவள் வலியில் கத்தியபோது தோளில் போட்டு நடந்தவர் நீங்கள். நான் இங்கே முக்காலியில் கருவியை வைத்துக்கொண்டு, எதிரில் இருக்கும் பாறையின் மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். எந்தச் செவ்வாய்க்கிழமை என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். அன்று எனக்கு எதுவும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டாமா?

இன்று போனிலும் அவள் பேசவில்லை.

குண்டூசியின் அம்மா

---

ஜூன் 25

சர்வேயர் அம்மாவுக்கு,

போனேன். திட்டு வாங்கினேன். உனக்குத் திருப்தியாக இருக்கும் என்பதால் முழுசாக எழுதுகிறேன்.

அந்தக் குழந்தை டாக்டரம்மா பார்க்கத்தான் சின்ன உருவம். விளக்கு வைத்த கருவியால் இரண்டு காதையும் பார்த்துவிட்டு, "உள்ள என்ன விட்டீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "இது காதா, வாணலியா?" என்றார். வெளியே காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். குண்டூசியும் சேர்ந்து சிரித்தாள், துரோகி.

பிறகு ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். தொண்டையிலிருந்து காதுக்கு ஒரு சின்னக் குழாய் போகிறதாம். நமக்கு அது சரிவாக இருப்பதால் உள்ளே சேர்வது வடிந்துவிடும். குழந்தைகளுக்கு ஒல்லியாக, கிட்டத்தட்ட படுத்த வாக்கில் இருக்கிறது. சளி பிடித்தால் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் உள்ளே நீர் சேர்ந்து, சீழாகி, சவ்வைத் தள்ளும். அதுதான் அந்த வலி. "எல்லாக் காது வலிக்கும் உடனே ஆன்டிபயாடிக் வேண்டியதில்லை. பெரும்பாலும் வலிக்கு மட்டும் மருந்து குடுத்து ரெண்டு நாள் பாத்தாலே சரியாயிடும். இவளுக்குச் சீழ் வந்ததால குடுக்கறேன். நல்லாயிட்டாளேன்னு பாதியில நிறுத்தினீங்கன்னா என்கிட்ட வராதீங்க" என்றார். காய்ச்சலுக்குக் கொடுக்கும் மருந்தையேதான் வலிக்கும் கொடுக்கச் சொன்னார். அவளைத் தராசில் நிற்க வைத்து, எடைக்குத் தகுந்த அளவைப் புட்டியிலேயே கோடு போட்டுக் கொடுத்தார். காதுக்குப் பின்னால் வீங்கினாலோ, கழுத்தை அசைக்க முடியாமல் சுருண்டு படுத்தாலோ, நேரம் காலம் பார்க்காமல் தூக்கி வரச் சொன்னார். சவ்வு தானாகவே மூடிக்கொள்ளுமாம்.

அடுத்து, "இன்னுமா பால் பாட்டில்? அதுவும் படுத்துக்கிட்டா?" என்றார். நான் தலையைக் குனிந்தேன். குனிந்த தலையை மோந்து பார்த்தாரோ என்னவோ, "சிகரெட் பிடிப்பீங்களா?" என்று கேட்டார். வாசலில் நின்றுதான் பிடிக்கிறேன் என்றேன். "புகை வாசல்லயே நின்னுக்குமா?" என்றார்.

விட்டுவிட்டேன். நீ ஐந்து வருஷமாகச் சொல்லி நடக்காதது. பெருமைப்படாதே, அந்தம்மா சொன்னதற்காகத்தான்.

ஒரு மாதம் கழித்துக் காதை மறுபடி காட்ட வேண்டுமாம். மற்றபடி நன்றாக இருக்கிறாள். முன்பெல்லாம் மத்தியானம் நான் ஆணி அடித்தால் எழுந்துகொள்வாளே, இப்போது பக்கத்திலேயே வைத்து அடித்தாலும் அசையாமல் தூங்குகிறாள். தொழிலுக்கு ஏற்ற பிள்ளை.

குஷன்காரன்

---

ஜூலை 14

குண்டூசியின் அப்பாவுக்கு,

சிகரெட்டை விட்டதற்கு நன்றி. யார் சொல்லி விட்டால் என்ன.

ஒன்று கேட்க வேண்டும். கேட்காமல் இருக்கத்தான் போன வாரம் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் "பேசுடா கண்ணு, அம்மா, அம்மா" என்று நீங்கள் சொல்வது கேட்டது. பிறகு அவள் மூச்சு மட்டும் கேட்டது. என்னவெல்லாமோ சொல்லிப் பார்த்தேன், பாட்டுகூடப் பாடினேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றிருந்த லாரி ஓட்டுநர்கள் எல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் "அப்பா, போலாம்" என்றாள். அந்த இரண்டு வார்த்தைதான், அதுவும் உங்களிடம்.

வெளியே வந்து சிமென்ட் மூட்டை அடுக்கியிருக்கும் இடத்துக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.

நீங்கள் அவளிடம் ஏதாவது சொல்கிறீர்களா? வேண்டுமென்றே சொல்லிக்கொடுப்பீர்கள் என்று சொல்லவில்லை. என்னைப் பற்றிப் பேச்சு வரும்போது உங்கள் முகம் போகும் போக்கை அவள் பார்க்கிறாளா என்று கேட்கிறேன். குழந்தைகள் முகத்தைத்தான் படிக்கும்.

இரண்டு வாரத்துக்குப் போன் செய்யப் போவதில்லை. அவளைப் பிடித்து நிறுத்தி, பேசு பேசு என்று படுத்துவது நன்றாக இல்லை.

குண்டூசியின் அம்மா

---

ஜூலை 22

சர்வேயர் அம்மாவுக்கு,

ஆமாம், நாள் முழுக்க எனக்கு அதுதான் வேலை. திரையரங்கு நாற்காலிகளுக்கு ரெக்ஸின் வெட்டுகிற நேரம் போக, மிச்ச நேரமெல்லாம் உன் மகளை உட்கார வைத்து உன்னைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன்.

அவள் உன்னிடம் மட்டும் இப்படி இல்லை. அதையும் தெரிந்துகொள். கூப்பிட்டால் திரும்புவதில்லை. சாப்பிட வா என்றால் காதிலேயே வாங்காமல் விளையாடிக்கொண்டிருக்கிறாள். கிட்டே போய்க் கேட்டால் "ஆங்?" என்கிறாள். எதற்கெடுத்தாலும் ஒரு "ஆங்?". கோர்வையாகப் பேசிக்கொண்டிருந்தவள் இப்போது ஏதாவது வேண்டுமென்றால் என் சட்டையைப் பிடித்து இழுத்துக் கையைக் காட்டுகிறாள். பக்கத்துக் கடைப் பிள்ளைகளோடு சேர மாட்டேன் என்கிறாள். சின்ன விஷயத்துக்கெல்லாம் தரையில் விழுந்து புரள்கிறாள். மனசுக்குள் ஏதோ வைத்துக் குமைகிறாள். அம்மா பக்கத்தில் இல்லாத பிள்ளை வேறெப்படி இருக்கும்?

போன வாரம் வலது காதில் வலி வந்தது. பயப்படாதே. எதையும் ஊற்றவில்லை. புட்டியில் கோடு போட்ட அளவு மருந்து கொடுத்து, தலையணையில் சாய்த்து வைத்து, வெதுவெதுப்பான துணியைக் காதின் மேல் வைத்தேன். மறுநாளே வலி அடங்கிவிட்டது, சீழும் வரவில்லை. டாக்டரம்மா இருந்திருந்தால் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பார்.

மறுபடி காட்டச் சொன்னார்கள் அல்லவா, அதற்கு இன்னும் போகவில்லை. நாற்காலி வேலை முடியட்டும்.

குஷன்காரன்

---

ஆகஸ்ட் 2

அன்புள்ள உங்களுக்கு,

சண்டையை ஓரமாக வையுங்கள். இதைப் படித்துவிட்டு உடனே ஒன்று செய்ய வேண்டும்.

நேற்று ஜீப்பில் மலையிலிருந்து கீழே இறங்கினேன். மளமளவென்று இறங்கும் சாலை. பாதி வழியில் இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. ஓட்டுநர் ஏதோ சொன்னார், வாய் அசைந்தது, சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருந்தது. "ஆங்?" என்றேன். மறுபடி சொன்னார். "ஆங்?" மூன்றாம் தடவையும் நான் "ஆங்?" என்றதும் அவர் சிரித்துவிட்டு, "மேடம், கொட்டாவி விடுங்க, திறந்துக்கும்" என்று வாயைப் பிளந்து காட்டினார்.

கொட்டாவி விட்டேன், காது திறந்தது. என்ஜின் சத்தம் திடுதிப்பென்று உள்ளே வந்தது. கையில் உங்கள் கடிதம் இருந்தது.

கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆணி அடித்தாலும் எழுவதில்லை. எதற்கும் ஒரு "ஆங்?". பேச்சு குறைந்துவிட்டது. எல்லாம் அந்தக் காது வலிக்கு அப்புறம்.

அவளுக்குத் தெரியாமல் பின்னால் போய் நில்லுங்கள். உங்கள் முகம் அவளுக்குத் தெரியக் கூடாது, நிழலும் விழக் கூடாது. தையல் மெஷினை நிறுத்துங்கள். சாதாரணமாகப் பேசும் குரலில் கூப்பிடுங்கள். திரும்பினால் நான் வீணாகப் பயந்தேன் என்று நினைத்துக்கொள்கிறேன். திரும்பாவிட்டால் நாற்காலி வேலை கிடக்கட்டும்.

நான்

---

ஆகஸ்ட் 9

என் அன்புக்கு,

திரும்பவில்லை.

கட்டிங் மேசைக்கு அடியில் உட்கார்ந்து ஸ்பாஞ்சுத் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். முதுகு என் பக்கம். மெஷினை நிறுத்திவிட்டு "குண்டூசி" என்றேன். அசையவில்லை. பட்டு என்றேன், ராஜாத்தி என்றேன், கழுதை என்றேன். உன் மகள் பெயருக்குப் பஞ்சமா, வைத்த செல்லப் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். ஒரு துண்டின் மேல் இன்னொரு துண்டை வைத்துக்கொண்டே இருந்தாள். குரலை உயர்த்தியதும் லேசாகத் தலையைத் தூக்கி, தப்பான பக்கம் பார்த்தாள். நான் சுற்றிக்கொண்டு முன்னால் போய்க் குனிந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் எப்படிச் சிரித்தாள் தெரியுமா? அப்போதுதான் நான் வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இவ்வளவு நாளும் அவள் உன்மேல் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. என் கட்சிக்கு ஆள் சேர்ந்ததுபோல. பாவம், அவளுக்கு யார்மேலும் கோபம் இல்லை. இந்த வீட்டில் கோபமாக இருந்தது ஒரே ஒரு ஆள்தான்.

அன்றே டாக்டரம்மாவிடம் போனேன். ஏன் ஒரு மாதத்தில் வரவில்லை என்று கேட்டார், நாற்காலி வேலை என்றேன். இந்தத் தடவை திட்டவில்லை. சவ்வு மூடிவிட்டது. ஆனால் இரண்டு காதிலும் சவ்வுக்குப் பின்னால் பசை மாதிரி நீர் கட்டி நிற்கிறதாம். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை. காற்று இருக்க வேண்டிய இடம் அது. எனக்குச் சட்டென்று புரிந்தது. ஒரு பறைக்குள் ஸ்பாஞ்சைத் திணித்துவிட்டுத் தட்டினால் எப்படி இருக்கும்? அதுதான்.

பெரிய ஆஸ்பத்திரியில் கேட்கும் திறனைச் சோதித்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் டப்பாவுக்குள் ஒரு பாசிமணியைப் போட வேண்டும். மணியைக் கன்னத்தருகே தூக்கிப் பிடித்துக்கொண்டு, போடலாமா போடலாமா என்று சோதித்த பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் போடவே இல்லை.

நிரந்தரமானது இல்லை என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்கள். நிறையப் பிள்ளைகளுக்குச் சில மாதத்தில் தானாகவே வற்றிவிடுமாம். வற்றாவிட்டால் சவ்வில் ஒரு பொடிக் குழாய் வைப்பார்கள், காற்று போய்வர. அதுவரை கிட்டே போய், முகத்தைக் காட்டி, கத்தாமல் நிதானமாகப் பேச வேண்டும்.

நீ போனில் பாடியது அவளுக்குக் கேட்கவே இல்லை, சர்வேயர் அம்மா. அவளிடம் ஏதோ ஒரு கறுப்புப் பொருளைக் கொடுத்து நான் காதில் வைத்து அழுத்தியிருக்கிறேன். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

உன் ஆள்

---

ஆகஸ்ட் 20

என் அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் அழுதேன், பிறகு சிரித்தேன். அவள் என்னை மறக்கவில்லை. அந்த நிம்மதியில் சிரித்துவிட்டு, காது கேட்காத பிள்ளையை நினைத்து நிம்மதிப்படுகிறாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

நான் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன். தலைமைப் பொறியாளரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். சுரங்கத்தை அளக்க வேறு ஆள் கிடைப்பார்கள். நீங்கள் முதலிலேயே சொன்னீர்கள். நான்தான் கேட்கவில்லை.

உங்களைக் குறை சொல்லிச் சொல்லி எழுதிய கடிதங்களைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். தனியாக ஒரு பிள்ளையையும் ஒரு கடையையும் வைத்துக்கொண்டு, வலிக்கும்போதெல்லாம் நீங்கள்தான் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறீர்கள். முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்று இப்போதுதான் டாக்டர் சொல்கிறார். அவள் இத்தனை நாளும் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பிழைத்திருக்கிறாள்.

பதில் போடுங்கள். வரட்டுமா?

உங்கள் நான்

---

ஆகஸ்ட் 28

என் அன்புக்கு,

வேண்டாம்.

இதை எழுதுவது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. ஆனாலும் வேண்டாம். நீ வேலையை விட்டுவிட்டு வந்து நின்றால் அந்தப் பசை வற்றிவிடுமா? சளி பிடித்த குழந்தைக்குக் காது அடைத்தது. நீ மலைக்குப் போனதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டேன். "அவங்க அம்மா ஊர்ல இல்லாததால இப்படி ஆச்சா?" என்று. என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன், அவங்க பக்கத்துல இருந்தா சளி பிடிக்காதா?" என்றார். இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "நான் வீட்லயேதான் இருக்கேன், ரெண்டுக்கும் காதுதான்" என்றார்.

எனக்கு இதைச் சொல்ல யாராவது வேண்டியிருந்தது போலிருக்கிறது.

இப்போது கடையின் நடைமுறையே மாறிவிட்டது. அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மெஷினை நிறுத்துகிறேன், எழுந்து போகிறேன், குத்த வைத்து உட்கார்ந்து முகத்துக்கு நேராகச் சொல்கிறேன். முழங்கால் ஒடிகிறது. வேலை பாதிதான் ஓடுகிறது. ஆனால் தரையில் விழுந்து புரள்வதை விட்டுவிட்டாள். முன்பெல்லாம் நான் முதுகைக் காட்டிக்கொண்டு எவ்வளவு பேசியிருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது. அவளிடம் மட்டுமா?

நவம்பர் முதல் வாரம் மறுபடி சோதிப்பார்கள். அன்றைக்கும் வற்றாமல் இருந்தால் குழாய் வைக்க நாள் குறிப்பார்கள். அப்போது விடுப்பு போட்டுவிட்டு வா. அதுவரை அந்தச் சுரங்கத்தைக் கோணலாகத் தோண்டாமல் பார்த்துக்கொள்.

உன் ஆள்

---

நவம்பர் 21

என் அன்புள்ள உங்களுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அறைக்குள் வந்ததும் பையைத் திறந்தால் மேலேயே அவள் சாக்ஸ் ஒன்று. எப்போது போட்டாளோ. ஒன்றுதான் இருக்கிறது, அடுத்ததை அங்கே தேடாதீர்கள் என்று சொல்லத்தான் முதலில் எழுத உட்கார்ந்தேன்.

நீர் வற்றாமல் குழாய் வைத்த அன்று நாம் காத்திருந்த ஆஸ்பத்திரி நடைபாதையை நினைத்துக்கொண்டே வந்தேன். மயக்க மருந்து கொடுக்க அவளை உள்ளே கொண்டுபோனதும் கதவு மூடியது. "சின்ன வேலைதான், உக்காருங்க" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் உட்கார்ந்த பெஞ்சின் ரெக்ஸின் கிழிந்திருந்தது. அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தீர்கள். "நல்ல ஸ்பாஞ்சு, தையல்தான் மட்டம்" என்றீர்கள். ஒரு நிமிஷம் கழித்து, "நீ இருக்கறது நல்லா இருக்கு" என்றீர்கள். பெஞ்சைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னீர்கள், ஆனால் எனக்கு நன்றாகக் கேட்டது.

டாக்டர் உள்ளங்கையில் வைத்துக் காட்டிய அந்தக் குழாய், கடுகைவிடக் கொஞ்சம் பெரியது. அவ்வளவு சின்னச் சாமானுக்காகவா நாம் இரண்டு பேரும் இப்படி நடுங்கினோம்?

கண் விழித்து என் மடியில் கிடந்தபோது, வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அவள் கண் அந்தச் சத்தத்தின் பின்னாலேயே கதவு வரைக்கும் போனது. நீங்களும் அதைப் பார்த்தீர்கள்.

பேருந்து நிலையத்துக்கு வந்ததற்கு நன்றி. நீங்கள் கையாட்டியதை, வளைவு திரும்பும் வரை பார்த்தேன்.

இப்போது எப்படி இருக்கிறாள்? ஒன்று விடாமல் எழுதுங்கள். குளிக்கும்போது சோப்புத் தண்ணீர் காதுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சீழோ ரத்தமோ வந்தால் உடனே காட்டுங்கள்.

உங்கள் நான்

---

நவம்பர் 30

என் அன்புக்கு,

ஒன்று விடாமல் எழுதச் சொன்னாய். ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும் அதற்கு.

முதல் நாள் சமையலறைக் குழாயைத் திறந்தேன், பாத்திரத்தில் தண்ணீர் விழுந்தது. காதைப் பொத்திக்கொண்டு ஓடினாள். "அப்பா, தண்ணி கத்துது!" நான் ரெக்ஸின் கிழிக்கும் சத்தத்துக்கு அழுதாள். பிறகு அதுவே பிடித்துப்போய், "இன்னொரு தடவை கிழி" என்கிறாள். நல்ல ரெக்ஸின் நாசமாகிறது. செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிறாள், நிற்கிறாள், திரும்பிப் பார்க்கிறாள். யாரோ பின்னாலேயே வருகிறார்களாம். அது அவள் செருப்புதான் என்று புரிய வைக்க ஒரு காலைப் பொழுது போயிற்று. இத்தனை மாதப் பழக்கத்தில் நான் சத்தமாகப் பேசிவிட்டேன். "ஏம்ப்பா கத்தற?" என்று கேட்டாள். மருந்துக்கடைக்காரர் அவளைப் பார்த்து, "பாப்பாவுக்கு வாய் நீளம்" என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

டாக்டரம்மா பார்த்தார். குழாய் இரண்டும் சரியாக உட்கார்ந்திருக்கிறது. சில மாதங்களில் தானாகவே வெளியே தள்ளிக்கொண்டு விழுந்துவிடுமாம். பேச்சு மளமளவென்று பிடித்துக்கொள்வாள் என்றார். அவள் அதுவரைக்கும் காத்திருக்கப் போவதாகத் தெரியவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். உன் வேலை இன்னும் ஆறு மாதம் நீளும் என்று நீ கிளம்பும்போது முணுமுணுத்தாய் அல்லவா? நான் கேட்காததுபோல் இருந்தேன். டாக்டரம்மாவிடம் யோசனை கேட்ட பிறகு சொல்லலாம் என்றுதான். மலை மேலே கூட்டிக்கொண்டு போனால் காது என்ன ஆகும் என்று கேட்டேன். அந்தம்மா சிரித்துவிட்டார். "காத்து போய்வரத்தான் வழி போட்டிருக்கே, அவ ஜம்முனு ஏறுவா. அடைக்கப் போறது உங்க காதுதான்" என்றார்.

அதனால் கடையை அடைத்துவிட்டு வருகிறோம். உங்கள் முகாமின் ஜீப்புகளுக்கும் லாரிகளுக்கும் சீட் கிழியாமலா இருக்கும்? கிழிந்திருக்கும். கேட்டு வை. தகரக் கூரைக்குக் கீழே ஒரு மெஷின் போட இடம் இருந்தால் போதும். மழை அடித்தால் அந்தக் கூரை என்ன சத்தம் போடும் என்று இவளுக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

இதை எழுதும்போது அவள் உள் அறையில் எதையோ கொட்டிக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறாள். நான் வாசல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். திரும்பிப் பார்க்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. "குண்டூசி, அம்மாவுக்கு என்ன எழுதட்டும்?" என்று தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

உள்ளேயிருந்து பதில் வந்தது.

"வரோம்னு எழுது."

எழுதிவிட்டேன்.

உன் ஆள்